ஸ்பெயினின் சில சிவப்பு ஒயின்கள் விலை குறைவாக இருந்தும் தரமாக இருப்பது எப்படி?

விலை குறைந்தால் திராட்சையும் மட்டமானது என்ற எண்ணம், ஸ்பெயினின் தென்கிழக்கிலுள்ள ஹுமியாவுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மி.மீ. மழையே பெறும் இப்பகுதியில், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், பந்தலோ கம்பியோ இன்றிக் குட்டைப் புதர்களாக இடைவெளி விட்டு வளர்க்கப்படும் மொனாஸ்ட்ரெல் என்னும் திராட்சை வகையின் பழைய கொடிகள் குறைவாகவே காய்க்கின்றன. பழங்கள் சிறுத்துத் தோல் தடித்திருப்பதால் அடர்ந்த நிறமும் துவர்ப்பும் ஒயினில் இறங்குகின்றன. கடும் வெயில் சர்க்கரையைக் கூட்டுவதால் 14 விழுக்காடு ஆல்கஹால் இங்கே இயல்பு. ஆயினும் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் அமைந்த இத்தோட்டங்களில் இரவுகள் குளிர்வதால் புளிப்பு முற்றிலும் கரைந்துவிடுவதில்லை. வடக்கே, அரகோனின் காம்போ தே போர்ஹாவில் விளையும் கர்னாச்சா என்னும் திராட்சை வகைக்கு மொன்காயோ மலையடிவார உயரமும், சியெர்சோ என்னும் வறண்ட குளிர்காற்றும் துணை.

விலைக் குறைவுக்குச் சந்தையே முதற்காரணம். ஸ்பெயினின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான ரியோஹாவின் பெயருக்குள்ள மதிப்பு இப்பகுதிகளுக்கு இல்லை. பல உழவர்களின் திராட்சையைச் சேர்த்து ஒயினாக்கும் கூட்டுறவு ஆலைகளின் பங்கும் விலைக் குறைவில் பெரிது. தவிர, ‘ஹோவென்’ எனப்படும் இளம் ஒயின்கள் ஓக் மரப் பீப்பாயில் நெடுங்காலம் காத்திருப்பதில்லை, அந்தச் செலவு மிச்சம். (ரியோஹாவில் சிவப்பு ஒயினுக்கு, முதிர்வைக் குறிக்கும் ‘கிரியான்சா’ முத்திரை பெறவே ஓராண்டாவது பீப்பாயில் இருந்தாக வேண்டும்.) மலிவான புட்டியில் பீப்பாய் மணம் தூக்கலாக இருந்தால் நான் ஐயுறுவேன், அந்த விலைக்கு ஹோவென் வகையே நம்பத்தக்கது.