மென்பொருள் கட்டமைப்பு மறுஆய்வு: கேள்வி பதில்

மென்பொருள் கட்டமைப்பை மறுஆய்வு செய்ய, சக கட்டமைப்பாளர்களையும் வணிகப் பிரிவினரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்தலாமா, ஐயா?

முதல் சுற்றில் வேண்டாம். சகாக்கள் தரவுத்தளப் பூட்டுகள், மறுமுயற்சிக் கோளாறுகள் போன்ற தொழில்நுட்ப நுணுக்கங்களை அலசத் தொடங்கினால், செலவையும் காலக்கெடுவையும் பற்றிக் கேட்க வந்தவர்கள் வாய் திறக்காமலே எழுந்து போய்விடுவார்கள். 2011-இல் வெளியாகி 2022-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 42010 தரநிலையும், யாருக்கு எந்த அக்கறை உண்டோ அதற்கு விடை தரும் பார்வைகளாகவே கட்டமைப்பு விவரிப்பு அமைய வேண்டும் என்கிறது. சகாக்களிடம் முதலில் காட்டித் திருத்திக்கொண்டு, பிறகு மற்றவர்களிடம் செல்லுங்கள். இரவில் அழைப்பு வந்தால் எழுந்து பார்க்க வேண்டிய இயக்கக் குழுவினரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களை இரண்டு சுற்றுக்கும் அழைப்பதே நியாயம்.

வரைபடத்தைக் காட்டினால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையான விமர்சனத்தை எப்படிப் பெறுவது?

வரைபடத்தைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். ஒரு சூழலைச் சொல்லி, அப்போது என்ன நடக்கும் என்று கேளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய, கட்டமைப்பை மதிப்பிடும் ஏட்டம் (ATAM) முறையின் உயிர்நாடியே இத்தகைய சூழல்கள்தாம். உதாரணமாக, ஆண்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் சேவை நிற்கக் கூடாது என்று வணிகப் பிரிவு கேட்டிருக்கிறது. நீங்களோ ஒரு கோரிக்கை மூன்று சேவைகளை வரிசையாகக் கடக்கும்படி வரைந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சேவையும் 99.9 சதவீதம் கிடைக்கும் என்பது பார்வைக்குப் போதுமானதாகத் தோன்றும். ஆனால் அவை தனித்தனியே பழுதாகும் என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால் 99.7 சதவீதமே மிஞ்சும். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 26 மணி நேரம் தடை ஏற்படலாம். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிய பிறகு யாரும் மௌனமாக இருக்க மாட்டார்கள். நடுச்சேவையை, கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்கும் வரிசைத்தொடருக்குப் (queue) பின்னால் தள்ளலாமா, அப்படித் தள்ளினால் பயனர் பழைய தகவலைச் சிறிது நேரம் பார்ப்பதை வணிகப் பிரிவு ஏற்குமா என்று பேச்சு தானாகவே சரியான இடத்துக்கு வந்துசேரும்.

மூத்தவர் சொன்ன திருத்தத்தை ஏற்க இயலாவிட்டால்?

மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் வையுங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த, கட்டமைப்பு முடிவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கும் முடிவுப் பதிவு முறை இதற்கு மிகவும் ஏற்றது: சூழல், முடிவு, விளைவுகள், தற்போதைய நிலை ஆகியவை ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும். கைவிட்ட மாற்றுவழியையும் சேர்த்து எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். அது இல்லாத பதிவு பாதிப் பதிவே.

மறுஆய்வை எப்போது நடத்துவது?

திரும்பப் பெறக் கடினமான முடிவுக்கு முன்பு. தரவுத்தளத்தைத் தேர்ந்து உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு நடத்தினால், அதைப் பற்றி வரும் நல்ல ஆலோசனைகளில் பெரும்பாலானவற்றைச் செயல்படுத்த வழியிருக்காது.