கட்டிங் பிளாட்டரில் வட்டம் மூடாமல் நிற்பது

கட்டிங் பிளாட்டர் என்பது வினைல் எனும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் கணினி வரைபடத்தின்படி வெட்டும் இயந்திரம். அதில் வெட்டும் வட்டங்கள் தொடங்கிய புள்ளியில் வந்து சேராமல் மயிரிழை விலகி நிற்கின்றன என்று பிளேடின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றால், அது தீர்வன்று. பெரும்பாலும் பிளேடு, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டருக்குள் தடையின்றிச் சுழலவில்லை.

பிளேடின் முனை அதன் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி, பொதுவாக 0.25 மி.மீ. அளவில், அமைந்திருப்பதால்தான் அது வெட்டும் திசைக்குத் தானாகத் திரும்புகிறது. அது சுழல உதவும் ஹோல்டரின் பேரிங்கில் வினைல் துகளும் பசையும் படிந்துவிட்டால் அந்தத் திருப்பம் பிந்துகிறது. (புது பிளேடு வாங்குவது இதற்கு மருந்தாகாது.)

1. பிளேடைக் கழற்றி, ஹோல்டரின் உட்புறத்தைத் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். மிகுந்தால் அதுவே தூசியைப் பிடித்துக்கொள்ளும். மீண்டும் மாட்டியபின் மரக்குச்சியால் இலேசாகத் தொட்டாலே பிளேடு சுழல வேண்டும்.

2. 10 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டிப் பாருங்கள். மூலைகள் மழுங்கினால் ஆஃப்செட் (முனை அச்சிலிருந்து தள்ளியிருக்கும் தூரமாக இயந்திரத்தில் கொடுத்திருக்கும்) மதிப்பு குறைவு. மூலைக்கு வெளியே கொம்பு முளைத்தால் மதிப்பு அதிகம்.

ஆனால், பிளேடுக்குப் பதிலாகப் பேனாவை மாட்டி, ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கி வரையும்போதும் வட்டம் மூடவில்லையென்றால் குறை பிளேடில் இல்லை. வினைலை அழுத்திப் பிடிக்கும் உருளையான பிஞ்ச் ரோலர் அதை நழுவவிடுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.