டிவி ஓடாத வீடு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குப் பத்தமடைப் பக்கம் ஒரு சின்ன ஊர். பதினொரு வருடமாகப் பெங்களூரில் வேலை. இந்தத் தை மாதம் அப்பா தவறிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் விஷயமாகப் புரட்டாசியில் ஊருக்குப் போனேன். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள், சும்மா வீட்டில் இருந்தேன்.

காலையில் ஆற்றில் குளியல். மத்தியானம் திண்ணையில் படுத்திருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் டிவி கூட ஓடவில்லை. அப்பா போனதிலிருந்து மனதில் இருந்த படபடப்பு எப்போது போனது என்றே தெரியவில்லை. பெங்களூர் வந்து இறங்கிய அன்றே திரும்ப வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். இது வெறும் ஊர் ஏக்கம்தானா?

பெயர் வேண்டாம்,
பெங்களூர்

அன்புள்ள தம்பி,

அப்பா விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. திங்கட்கிழமையாவது கையெழுத்துக் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை.

ஊர் அமைதியாக இருந்ததில் பாதி, புரட்டாசியின் வேலை. தாமிரபரணித் தண்ணீரில் நமக்கு இரண்டு போகம் நெல். ஆனியில் கார், ஐப்பசியில் பிசானம். கார் அறுப்பு முடிந்து பிசான வேலை சூடுபிடிப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி வரும். நீங்கள் போனது அதில். மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தால் விடிவதற்கு முன்பே டிராக்டர் எழுப்பியிருக்கும். மார்கழி என்றால் கோயில் குழாய் ஸ்பீக்கர், கேட்கவே வேண்டாம்.

என் ஊர் ஆற்றுக்கு வடகரையில், முக்கூடல் பக்கம். சாயங்காலம் தெருவில் நடந்தால் பெண்கள் வாசலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை கூட வந்த சென்னை நண்பர், “என்ன ஒரு நிதானமான வாழ்க்கை” என்றார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வாய் பேசிக்கொண்டிருந்தாலும் விரல் நிற்காததற்குக் காரணம் அதுதான். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சுக்குக் காப்பி குடித்துவிட்டு வந்தோம்.

அதற்காக உங்கள் நாலு நாள் பொய் என்று சொல்ல வரவில்லை. எனக்கும் நடந்திருக்கிறது. இந்த மாசிக் கடைசியில் ஊருக்குப் போனபோது அம்மா பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், சாக்கை விரித்துப் புளியோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துப் புளியை அந்த ஒரு வாரத்தில்தான் எடுத்து வைப்போம். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, வெயிலில் காயப்போட்டு, கல் உப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைக்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. நகக்கண் எரிந்தது. பக்கத்தில் போன் இரண்டு தடவை அடித்தது. புளிக்கையோடு எப்படி எடுப்பது? எழுந்து போய்க் கழுவிவிட்டு வரவும் சோம்பல். அடித்து ஓய்ந்தது. அப்புறம் அடிக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

அம்மா என் குவியலிலிருந்து ஒரு சுளையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “ஏய்யா, நாரோட போடுதியே, கொழம்புல முள்ளு மாதிரி கெடக்கும்லா” என்றாள். நாலைந்து புத்தகம் எழுதியவன் நான். அங்கே நார் எடுக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். அதில் எனக்கு என்னவோ பெரிய நிம்மதி. அப்புறம் அவள் யார் யாருக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது என்று சொன்னாள். நடுவில் பத்து நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகத் தேய்த்துத் தாயம் உருட்டுவோம். அந்த ஞாபகத்தில் ஒரு கொட்டையை எடுத்துத் தரையில் தேய்த்துப் பார்த்தேன். தோல் போகவே இல்லை. இப்போது தரையெல்லாம் டைல்ஸ்.

ராஜினாமாவை இதோடு சேர்க்காதீர்கள். அது வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. திண்ணையில் படுத்துக்கொண்டு எடுக்கக் கூடாது. ஊரோடு போய்விட்டால் நீங்களும் ஊர்க்காரர். நிலத் தகராறு, மோட்டார் ரிப்பேர், துக்க வீடு என்று நாளுக்கு ஒன்று வந்து நிற்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியிடம்தான் நான் நின்றுவிட்டேன். வீட்டில் டிவி கூட ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

எங்கள் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். நானும் ஒவ்வொரு தடவை போய்விட்டு வரும்போதும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொள்வேன், நம் வீடு எவ்வளவு அமைதி என்று. அந்தப் புளி வாரம் முடிந்து கிளம்பும்போது சார்ஜரை மறந்துவிட்டேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். கால் மணி நேரம் கூட ஆகியிருக்காது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, நல்ல சத்தமாக. முன்னால் யாரும் இல்லை. அம்மா பின்வாசலில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாரும் பாக்காம எதுக்கும்மா ஓடுது?” என்றேன்.

“கெடக்கட்டும், யாரோ பேசிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கும்லா” என்றாள். காலையில் போட்டால் ராத்திரி படுக்கும்போதுதான் அமர்த்துவாளாம். நான் வந்தால் மட்டும் போடுவதில்லை.

உங்கள் அம்மாவும் அப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அம்மாவிடம் நேராகக் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள்.

முன்பெல்லாம் போன் பண்ணும்போது பின்னால் சீரியல் சத்தம் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அவளாகவே, “கேக்கலையாய்யா, அமத்தட்டா?” என்பாள். வேண்டாம்மா, ஓடட்டும் என்பேன்.

அன்புடன்,
அண்ணாச்சி