பழைய ஃபிலிம் கேமராவை யாரிடம் நம்பிக் கொடுப்பது?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராவைச் சரிசெய்ய நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் பத்து நிமிடம் பேசினாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் போகுமுன் கேமராவில் என்ன கோளாறு என்று நீங்களே ஓரளவு பார்த்துவைத்திருக்க வேண்டும். "ஓடலை, பாருங்க" என்று கொடுத்தால், அவர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் அமுக்கிப் பாருங்கள். மெதுவான வேகங்களை மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் எண்ணிவிடலாம். நொடிக்கு 240 ஃப்ரேம் என்றால், 1 நொடிக்கு 240 ஃப்ரேம், 1/30-க்கு 8 ஃப்ரேம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதிவேகங்களுக்கு இந்த முறை உதவாது. பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா, பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்ச் பிசினாகிவிட்டதா, டார்ச் அடித்தால் லென்ஸுக்குள் வலைபோல் பூஞ்சை தெரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் கேமரா எந்த வகை? நிக்கான் எஃப், லைக்கா எம்3, பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றின் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பற்சக்கரமும்தான். பொறுமையும் கைத்திறமையும் உள்ளவர் அவற்றை மறுபடி ஓடவைத்துவிடுவார். 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 போன்றவற்றில் ஷட்டரை எலெக்ட்ரானிக்ஸ்தான் நடத்துகிறது. அதன் சர்க்யூட் போய்விட்டால் இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் பாகம் எடுக்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் காம்பாக்ட் கேமராக்களில் அதுவும் பல நேரம் நடக்காது. அதனால் "எந்த கேமராவானாலும் கொண்டுவாங்க" என்பவரைவிட, "இந்த மாடலை நான் தொடுவதில்லை" என்று சிலவற்றை ஒதுக்குபவரை நான் அதிகம் நம்புவேன்.

ஆளைக் கண்டுபிடிக்க, அதே மாடலை வைத்துப் படமெடுப்பவர்களையும் ஃபிலிம் கழுவும் லேப்காரர்களையும் கேளுங்கள். சரிசெய்து வந்த கேமராக்களின் நெகட்டிவ் அவர்கள் கையில்தான் போகிறது. "நல்லா பண்ணினாரா" என்பதோடு நிறுத்தாமல், ஒரு வருடம் கழித்தும் அது ஓடுகிறதா என்று கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த மாடலில் வழக்கமா என்ன கெடும்?" ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. கேனான் ஏஇ-1, ஏ-1 இரண்டிலும் படமெடுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பற்சக்கரத்தில் எண்ணெய் வறண்டிருக்கிறது. சரியான இடத்தில் ஒரு சொட்டு போதும். தெரியாதவர் ஸ்பிரே அடிப்பார், அது ஷட்டரில் போய்ப் படியும். ஒலிம்பஸ் ஓஎம்-1-இல், வியூஃபைண்டரில் காட்சியை நேராக்கிக் காட்டும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்தைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் மட்கி, பிரிசத்தின் வெள்ளிப்பூச்சை அரிக்கும். யாஷிகா எலக்ட்ரோ 35-இல் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு உதிர்ந்துபோய் எக்ஸ்போஷரைக் குழப்பும். லைக்கா எம்3-இல் பிரிசத்தின் ஒட்டு விட்டுப்போய் ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இருண்டுபோகும். உங்கள் மாடலைத் திறந்து பழகியவர் இதை நீங்கள் கேட்காமலே சொல்வார்.

இரண்டாவது, "சர்வீஸ்" என்று எதைச் சொல்கிறார்? இதில்தான் பெரும்பாலான ஏமாற்றம் நடக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். உண்மையான சர்வீஸ் என்றால் பிரித்து, காய்ந்த கிரீஸையும் எண்ணெயையும் துடைத்தெடுத்து, வேண்டிய இடத்தில் மட்டும் புதிதாக இட்டு, பிறகு அளந்து சரிசெய்வது. குறுக்குவழி இரண்டு உண்டு. லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள் பிளேடுகளாகத் திறந்து மூடுவது) ஒட்டிக்கொண்டால், பிரிக்காமலே லைட்டர் பெட்ரோலை ஊற்றிவிடுவது ஒன்று. அன்றைக்கு ஜோராக ஓடும். கரைந்த பழைய கிரீஸ் மெல்லப் பரவி மறுபடி பிளேடுகளில் ஏறும், சில வாரங்களில் பழைய கதைதான். மற்றது, ஃபிலிமுக்கு முன் இரு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் துணித்திரை ஷட்டரில் நடப்பது: திரை மந்தமாக ஓடக் காரணம் காய்ந்த கிரீஸ். அதை எடுக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கி வேகத்தைக் கூட்டினால் அளவு சரியாகக் காட்டும். ஆனால் பாகங்கள் அதிக இழுவிசையில் தேயும், கொஞ்ச நாளில் திரை மறுபடி தடுமாறும்.

ஆகவே, "வேலைக்கு முன்னும் பின்னும் ஷட்டர் வேகங்களை அளந்து எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஷட்டர் டெஸ்டர் இல்லாமல், காதால் கேட்டே 1/500-ஐச் சரிசெய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். வந்த அளவில் 1/1000 என்பது 1/800 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது மூன்றில் ஒரு ஸ்டாப் வித்தியாசம்தான் (ஒளி இரட்டிப்பானால் அது ஒரு ஸ்டாப்). அறுபது வருடக் கேமராவுக்கு அது நல்ல அளவு. அரை ஸ்டாப்பைத் தாண்டினால் காரணம் கேளுங்கள். லென்ஸ் மவுண்டைக் கழற்றியிருந்தால், மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தையும் அளந்திருக்க வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ., லைக்கா எம்-இல் 27.8 மி.மீ. அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள் இடம் மாறினாலே ஃபோகஸ் தப்பும்.

லைட் மீட்டர் பற்றியும் ஒரு கேள்வி. பழைய 1.35 வோல்ட் மெர்க்குரி செல்கள் இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் செல் போட்டால் பல மீட்டர்கள் தவறாகக் காட்டும். வோல்டேஜைக் குறைக்க உள்ளே டயோடு வைப்பாரா, மீட்டரையே 1.5 வோல்ட்டுக்கு ஏற்றபடி சரிசெய்வாரா, ஜிங்க்-ஏர் செல் போடச் சொல்வாரா? எதுவானாலும் அவரிடம் பதில் இருக்க வேண்டும். (பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் சர்க்யூட் இந்த வோல்டேஜ் மாற்றத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதற்கும் டயோடு வேண்டும் என்றால் அவருக்கு அந்தக் கேமரா பழக்கமில்லை.) பேட்டரி இல்லாமல் வெளிச்சத்திலேயே ஓடும் செலினியம் மீட்டர் செத்துப்போனால், ஒளியை உணரும் அந்தச் செலினியம் செல்லையே மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

முடிந்தால் அவர் முடித்துவைத்த ஒரு கேமராவைக் கையில் வாங்கி ஸ்குரு தலைகளைப் பாருங்கள். ஜப்பானியக் கேமராக்களின் ஸ்குருக்களுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) அளவு முனை வேண்டும். சாதாரண ஃபிலிப்ஸ் முனையைத் திணித்தால் தலை மழுங்கும். லென்ஸ் வளையத்தைச் சுற்றிக் கீறல் இருந்தாலும் அதே கதைதான்.

பார்த்துச் சொல்லத் தனிக் கட்டணமா, மதிப்பீட்டைத் தாண்டினால் உங்களைக் கேட்பாரா, மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருவாரா, அதே கோளாறு 6 மாதத்துக்குள் வந்தால் மறுபடி பார்ப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நல்லவர்களிடம் வரிசை நீளமாக இருக்கும், சில மாதக் காத்திருப்பு குற்றமல்ல. அனுப்புமுன் சீரியல் எண் தெரியப் படமெடுத்து, பேட்டரி, ஸ்ட்ராப், ஃபில்டரைக் கழற்றி, ஷட்டரை வைண்ட் செய்யாத (லீவரை இழுத்து ஏற்றாத) நிலையில் விடுங்கள். ஹாசல்பிளாட் 500 வரிசை இதற்கு விலக்கு. அதில் லென்ஸைத் தனியாகக் கழற்றி அனுப்பினால் லென்ஸ், உடல் இரண்டும் வைண்ட் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் பொருத்தும்போது சிக்கிக்கொள்ளும். முதல்முறை கொடுப்பவரிடம், இரண்டு கேமரா இருந்தால், இழந்தாலும் தாங்கக்கூடியதையே கொடுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு ரோல் செலவிடுங்கள். நிழலில் இருக்கும் ஒரே நிறச் சுவரை, 1/1000-க்கு லென்ஸ் துளை எஃப்/2, 1/500-க்கு எஃப்/2.8, 1/250-க்கு எஃப்/4 என்று எஃப்/16, 1/15 வரை எடுங்கள். எல்லா நெகட்டிவும் ஒரே கருமையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெளிறினால் அந்த வேகம் தவறு. ஒரே ஃப்ரேமுக்குள் ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கருமை மாறினால் இரு திரைகளின் ஓட்டமும் ஒத்துப்போகவில்லை. அந்த நெகட்டிவையும் அவர் எழுதித் தந்த அளவுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவரிடமே திரும்பப் போங்கள்.