நமக்குள் இருக்கும் முன்முடிவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்களோடு பழகினால் அவை போய்விடுமா?

பழகினால் சரியாகிவிடும் என்பதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறேன். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களோடு ஷிப்ட் முழுக்க ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனாலும் "அவனுக ஊருக்குப் போனா எப்ப வருவானுகன்னே சொல்ல முடியாது, நம்பக் கூடாது" என்ற பேச்சு டீக்கடையில் குறைந்தபாடில்லை.

அந்தப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சத் பூஜை என்ற பெரிய சூரிய வழிபாட்டுப் பண்டிகை. பாட்னா போய்ச் சேரவே ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் திரும்பி வர டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கலுக்கு மதுரை, தேனிப் பக்கம் போன நம் ஆள் ஒரு வாரம் தாமதித்தால் மட்டும், "குலதெய்வம் கோயிலுக்குப் போயிருப்பான், வந்துருவான்" என்கிறோம். நம் ஆளுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, அவர்களுக்குக் குணமே அப்படி என்றாகிவிடுகிறது. முன்முடிவைத் தேட எனக்குத் தெரிந்த நல்ல இடம் இதுதான். "இவங்களே இப்படித்தான்" என்று வாயில் வரும்போது, அதையே என் சித்தப்பா மகன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிப்பேன். பெரும்பாலும் வேறு பதில் வரும். (சித்தப்பா மகனைப் பற்றியும் அப்படியே தோன்றினால், அது குடும்பப் பிரச்சினை.)

சரி, பழக்கம் ஏன் போதவில்லை? அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு நிபந்தனைகள் சொல்லிவிட்டார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும். நான் பார்த்த பல யூனிட்டுகளில் சூப்பர்வைசர் தமிழர், ஹெல்பர் வடமாநிலத்தவர். சம்பளம், லீவு எல்லாம் கான்ட்ராக்டர் வழியாகத்தான். தங்குவதும் தனியாக. இதைப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? பக்கத்துப் பக்கத்து மெஷினில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கும் டைலர்களிடம் இந்தப் பேச்சு குறைவு. ஒருவர் ஓவர்லாக் தையல் அடித்துத் தள்ளினால்தான் அடுத்தவர் அதன் மேல் பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் போட முடியும், இருவர் கூலியும் அதில்தான் இருக்கிறது.

பெரியவர்களிடம் பேசும்போது நான் பம்பாய்க் கதையை எடுப்பேன். 1966-ல் பம்பாயில் மராத்தியர்களுக்காகத் தொடங்கிய சிவசேனா கட்சி, ஆரம்ப காலத்தில் தென்னிந்தியர்களைத்தான் குறிவைத்தது. "எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்" என்பதுதான் அன்றைய குற்றச்சாட்டு. தாராவியில் சொந்தக்காரர் இருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், உடனே பிடிபடும்.

வீட்டு ஓனர்களிடம் மட்டும் இதெல்லாம் எடுபடுவதில்லை. கம்பெனியே அட்வான்ஸ் கட்டினாலும், இந்தி பேசுபவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்வதென்று யாராவது எழுதினால் நானும் படிக்கிறேன்.