சீட்டு மட்டும் போனால் போதுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 41. பன்னிரண்டு வருஷமாக ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு ஒலான்சபின் மாத்திரை சாப்பிடுகிறார். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் உடம்பு ஊதிவிட்டது, பகலெல்லாம் தூக்கம். அப்பா இருந்தவரை அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். இப்போது அண்ணன் வரிசையில் நிற்கச் சிரமம் என்று நானே சீட்டை எடுத்துப்போய் மாத்திரை வாங்கி வருகிறேன். ஆயுசுக்கும் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் நாத்தனார். நிறுத்திவிடலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கிட்னி கிடக்கட்டும். ‘நானே சீட்டை எடுத்துப்போய்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, டாக்டர் உங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது? எடை போட்டது எப்போது? சர்க்கரை, கொழுப்பு பார்த்தது எப்போது? கடிதத்தில் ஒரு வரி இல்லை.

ஒலான்சபின் பசியைக் கிளப்பிவிடும் மருந்து. நடு ராத்திரியில் பானையைத் திறந்து சோறு தின்கிறவரை வீடே திட்டும். தின்ன வைப்பது மாத்திரை என்று யாருக்கும் தோன்றாது. எடை ஏறினால் பின்னாலேயே சர்க்கரையும் கொழுப்பும் வரும். வருஷக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு நாக்கு தானாக வெளியே வந்து போகும், உதடு சும்மா சப்புக்கொட்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அது. ஆளைப் பார்த்தால்தான் தெரியும், சீட்டைப் பார்த்தால் தெரியாது.

வரிசையில் நிற்க யாருக்கம்மா சிரமம்? உங்கள் அப்பா காலத்தில் மட்டும் வரிசை சின்னதாக இருந்ததா? ஆட்டோவில் ஏற்றும்போது எதிர்வீட்டார் பார்ப்பார்கள், அதுதானே? சுவரோடு சுவர் ஒட்டிய உங்கள் தெருவில் பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமலா இருக்கிறது! அப்பா விட்டுப்போன பொறுப்பில் மாத்திரை வாங்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். கூடப்பிறந்தவளுக்கு அது போதாது.

சரி, நாத்தனார் பேச்சுக்கு வருவோம். இந்த வகை மருந்துகளில் முதலில் கவனிக்க வேண்டியது கிட்னி அல்ல. லித்தியம் சாப்பிடுகிறவர்கள்தான் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும். அது வேறு மருந்து. நீங்களாக நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தூக்கம் குறையும், ஆள் சுறுசுறுப்பாகத் தெரிவார், நாத்தனார் சொன்னது சரி என்றாகிவிடும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஜன்னலைச் சாத்தச் சொல்வார், சோற்றில் என்ன கலந்தாய் என்பார். பின்லாந்தில் இந்த நோயுள்ள 62,250 பேரை 20 வருஷம் வரை கவனித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்த காலத்தைவிட எடுக்காத காலத்தில்தான் சாவு அதிகம்.

அதற்காக இதே மாத்திரையை இதே அளவில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர் அளவைக் குறைக்கலாம், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள மெட்ஃபார்மின் மாத்திரை சேர்க்கலாம், அரிப்பிப்ரசோல் போல எடை அதிகம் ஏற்றாத மருந்துக்கு மெல்ல மெல்ல மாற்றலாம். அண்ணனுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். புகையை நிறுத்தினால் ரத்தத்தில் ஒலான்சபின் அளவு கூடும், டோஸை மாற்ற வேண்டிவரலாம்.

அடுத்த தேதிக்கு அண்ணனோடு போங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கூட்டிப்போனால் ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடலாம்; டப்பாவில் இட்லி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அவரிடம் ஏதாவது கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.