சீமெண்ணெய் கேன் எங்க இருக்கு?

சித்திரைத் திருவிழா நெருங்கிருச்சுல்ல, இந்த வாரம் வந்த கேள்வில பாதி நெருப்பப் பத்தித்தான். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே வணக்கம், மேலூர் பக்கத்துல இருந்து எழுதுறேன். வேண்டுதலுக்காக இந்த வருசம் மொத தடவையா அழகருக்குத் திரி, அதான் துணிப்பந்தம், எடுக்குறேன். இத்தன வருசமா எடுத்த பெரியப்பாவுக்கு இப்ப முடியல. திரிய எப்படிக் கட்டுறது? கூட வர்ற பயலுக சீமெண்ணெய் ஊத்துனாத்தான் நல்லா எரியும்ங்கிறானுக, சரியா?

பதில்: தம்பி, முறை என்னான்னு பெரியப்பாகிட்ட உக்காந்து கேட்டுக்கங்க, அது ஊருக்கு ஊர் மாறும், அதுல நான் மூக்க நுழைக்கல. நெருப்பு சமாச்சாரம் மட்டும் சொல்றேன். துணி சுத்தப் பருத்தியா இருக்கணும், பழைய வேட்டின்னா ஓரத்துல ஒரு நூல உருவி பத்த வச்சுப் பாருங்க, சாம்பலா உதிர்ந்தா பருத்தி, கருப்பா கெட்டி உருண்டையா சுருண்டா பாலியஸ்டர் கலந்தது. அது எரியிறப்ப உருகிச் சொட்டும், கையில விழுந்தா தோலோட ஒட்டிக்கிரும். நீங்க உடுத்துற உடுப்புக்கும் இதே சோதனைதான். இறுக்கி முறுக்கிச் சுத்துங்க, லூசா இருந்தா பத்துன துணி பிச்சுக்கிட்டுப் பறக்கும். கட்டுறதுக்கு கயிறு வேணாம், அது முதல்லயே எரிஞ்சு போயிரும், கட்டடத்துக்கு வாங்குற கட்டுக்கம்பி போதும். குச்சியில கட்டுற பந்தமா இருந்தா பால்டப்பா மூடில ஓட்டை போட்டு கைக்கு மேல சொருகிருங்க, சொட்டுற எண்ணெய் அதுலயே நின்னுரும்.

இப்ப எண்ணெய்க்கு வர்றேன். சீமெண்ணெய்ல இருந்து வர்ற ஆவி 35, 40 டிகிரி சூட்டுலயே தீப்பொறி பட்டா பத்திக்கும், நம்ம மதுரை சித்திர வெயில் எம்புட்டுன்னு உங்களுக்கே தெரியும், அதாவது மத்தியானம் வெயில்ல வச்ச கேன் ஏற்கனவே ரெடியா உக்காந்திருக்கு. பெட்ரோலப் பத்திப் பேச்சே வேணாம், அது ஐஸ்கட்டி குளிர்லயும் பத்தும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய்க்கு 200 டிகிரிக்கு மேல வேணும், அதனால பத்த வைக்க நேரமாகும், ஆனா பத்துனா நின்னு எரியும். கோயில் தீவட்டிக்காரர் எரியிறப்பவே தூக்குல இருந்து எண்ணெய் ஊத்துறாரேன்னு கேப்பீங்க. அதப் பாத்துத்தான் நானும் கெட்டேன்.

எனக்கு அப்ப பதிமூணு வயசு, ஊர்ல பொங்கல் வைக்கிற ராத்திரி, பந்தம் அணைஞ்சிருச்சுன்னு நெனச்சு பிளாஸ்டிக் கேனோட சீமெண்ணெய ஊத்துனேன். உள்ள கங்கு இருந்திருக்கு. தீ பந்தத்துல பத்தல, ஊத்துன தாரையப் பிடிச்சு மேல ஏறி கேன் வாய்க்கே வந்துருச்சு, கேன தூக்கிப் போட்டது வரைக்கும்தான் ஞாபகம். அப்பத்தா மாட்டுக் கொட்டத்துல கெடந்த ஈரச்சாக்க எடுத்து மேல அமுக்குச்சு. ரெண்டு புருவமும் போச்சு, கோழி வாட்டுன வாசம் ஒரு வாரம் மூக்குல நின்னுச்சு. அன்னைல இருந்து எங்க பந்தம் எரிஞ்சாலும் நான் பந்தத்தப் பாக்க மாட்டேன், கேன் எங்க இருக்கு, யார் கையில இருக்குன்னுதான் தேடுவேன்.

அதனால எண்ணெய்ல ஊறப்போட்டு, பிழிஞ்சு, சொட்டு நிக்கிற வரைக்கும் தொங்கப் போட்டுட்டு எடுங்க. வழியில ஊத்துற சோலியே வேணாம், கைவசம் ரெண்டாவது திரி ஒண்ணு கட்டி வச்சுக்கங்க. எண்ணெய் வச்சிருக்கிறவர் தள்ளி வரணும். காத்து எப்பவும் உங்க முதுகுல அடிக்கிற மாதிரி நில்லுங்க. திருவிழாவுல தண்ணி பீய்ச்சுறவங்கதான் சுத்தி இருக்காங்களேன்னு நம்பிராதீங்க, ஒரு ஈரச்சாக்கோட ஆள் பக்கத்துலயே வரட்டும்.

கேள்வி: நான் திருநகர்ல இருக்கேன். மகளோட பர்த்டேக்கு மொட்டமாடில வைக்க செரட்டையில மெழுகுவத்தி செய்யலாம்னு ஆச. அடுப்புல நேரா மெழுக வச்சு உருக்குனேன், புகையா வந்துச்சு, பயந்து ஆஃப் பண்ணிட்டேன். செஞ்ச ஒண்ணு ரெண்டும் காத்துல நிக்கல.

பதில்: ஆஃப் பண்ணீங்க பாருங்க, அதுக்கே உங்களப் பாராட்டணும்மா. மெழுகு 60 டிகிரி பக்கத்துலயே உருகிரும், புகை வருதுன்னா ரொம்ப சூடேறிருச்சுன்னு அர்த்தம், இன்னும் விட்டா 200 டிகிரி தாண்டி தானா பத்திக்கிற நெலமைக்குப் போயிரும். பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள சின்னப் பாத்திரத்துல மெழுகப் போடுங்க, தண்ணி 100 டிகிரிய தாண்டாதுல்ல, மெழுகும் தாண்டாது. தப்பித்தவறி பத்திக்கிட்டா தண்ணிய மட்டும் ஊத்திராதீங்க, தண்ணி அடில போயி ஒரே நொடில ஆவியாகி எரியிற மெழுக வீடு பூராம் தெறிக்க விட்டுரும். அடுப்ப அணைச்சு மூடியப் போட்டு மூடிட்டு, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க.

ஊத்துனதும் நடுவுல குழி விழும், அது உங்க தப்பில்ல, மெழுகு ஆறுனா சுருங்கும், கொஞ்சம் மிச்சம் வச்சு ரெண்டாவது தடவ ஊத்துங்க. திரி மெல்லிசா இருந்தா உருகுன மெழுகுலயே முங்கி அணையும், தடியா இருந்தா கரும்புகை தள்ளும், ஒண்ணு செஞ்சு எரிய விட்டுப் பாத்துட்டு மத்தத செய்ங்க. செரட்டை அழகுதான், ஆனா அதுவும் விறகுதானேம்மா. நார ஒட்டச் சுரண்டிருங்க, அடில ஒரு விரக்கட மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைச்சிருங்க, மண் நெரப்புன தட்டுல வைங்க. என்னக் கேட்டா செரட்டைக்குள்ள ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்த வச்சு அதுல ஊத்துறதுதான் நிம்மதி. காத்துக்கு லாந்தர் கண்ணாடி போடுங்க, ஆனா அடில காத்து போக வழி இருக்கணும், இல்லாட்டி மூச்சு முட்டி அணைஞ்சிரும். பந்தல் துணி, பலூன், பொண்ணோட நைலான் கவுன், இது மூணும் கிட்ட வரவே கூடாது.

கேள்வி: உசிலம்பட்டி. கார்த்திகைக்கு மாவலி சுத்துறத விட்டுட்டு பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரப் பத்தவச்சு சுத்துறானுங்க எங்க தெருப் பசங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ஒண்ணு இல்லைங்க. மாவலி பனம்பூவ கரியாக்கி இடிச்சு, துணியில பொட்டலமாச் சுருட்டி, பனமட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டிச் சுத்துறது, அந்தக் கரிப்பொறி லேசு, விழுறதுக்குள்ள பெரும்பாலும் அவிஞ்சிரும். இரும்பு நார்ல இருந்து பறக்குறது பழுக்கக் காஞ்ச இரும்பு, தூரமாப் போகும், கண்ணுல பட்டா ஆஸ்பத்திரிதான். ரெண்டுல எது சுத்துனாலும் வைக்கப்படப்பு இருக்குற பக்கம் வேணாம், காஞ்ச ஓலைக்கு இது கரிப்பொறி அது இரும்புப்பொறின்னு தெரியாது.

கேள்வி: சீமெண்ணெய வாயில வச்சு நெருப்பு ஊதுறது எப்படி? நைட்டு திருவிழாவுல பாத்தேன்.

பதில்: சொல்ல மாட்டேன். ஒரு மடக்கு நுரையீரலுக்குப் போனாலே நிமோனியா மாதிரி படுக்க வச்சிரும், தீக்காயம் தனி. யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காம 108க்கு அடிங்க. தீ பட்டா 20 நிமிசம் குழாத்தண்ணில காட்டுங்க, பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூசாதீங்க. எங்க அப்பத்தா எனக்கு இங்க்தான் பூசுச்சு, டாக்டர் அதக் கழுவி எடுக்க எடுக்க நான் கத்துனது தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சாம்.